எந்தப் பக்கம் கை காட்டுவது

மார்ச் 3
அரசுப் பேச்சாளர் பேசப் பேச, தொலைக்காட்சியின் மூலையில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் நின்று சைகை மொழியில் சொல்வது என் பிழைப்பு. இன்று போருக்குக் காரணம் எல்லையில் அத்துமீறல் என்றார். காட்டினேன்.

அண்ணனுக்குக் காது கேட்காது. நாட்டு நடப்பெல்லாம் அவருக்கு என் கை வழியாகத்தான். அவர் மகன் பட்டாளத்தில் இருக்கிறான். மாதக் கடைசியில் போர்முனைக்கு அனுப்பப் போகிறார்கள்.

மார்ச் 9
இன்று காரணம் ரகசிய ஆயுதக் கிடங்கு. எல்லையைக் காணோம்.

மார்ச் 10
அண்ணன் கையாலேயே பொரிந்து தள்ளிவிட்டார். "போன வாரம் எல்லைன்னே, இப்ப ஆயுதம்ங்கறே. நீதான் தப்பா காட்டறியா?"

"அவங்க சொல்றதைத்தானே அவ காட்டறா" என்றார் அண்ணி. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

மார்ச் 16
மூன்றாவது காரணம்: அங்கே வாடும் மக்களைக் காப்பாற்ற. பேச்சாளரின் உதவியாளர், "கொஞ்சம் சிரிச்ச முகமா காட்டுங்க மேடம்" என்கிறார். எங்கள் மொழியில் முகமும் பேச்சுதான். சிரித்தால் போர் நல்ல செய்தியாகிவிடும்.

மார்ச் 20
'அச்சுறுத்தல் உறுதி செய்யப்பட்டது' என்றார் பேச்சாளர். வாய்க்கு அது போதும். கைக்குப் போதாது. யார், யாரை, எங்கிருந்து என்று திசை காட்டினால்தான் எனக்கு அந்தச் சொல்லே நிற்கும். நான் நிற்பது அவருக்குப் பக்கத்திலேயே; ஒத்திகையில் புரியாததை அவரிடமே கேட்பது வழக்கம். பழக்கதோஷம் — நேரலையிலும் கேட்டுத் தொலைத்தேன்.

"சார், யாரு யாரை மிரட்டினாங்க? தெரிஞ்சாத்தானே கை காட்ட முடியும்."

தாளைப் புரட்டினார். தண்ணீர் குடித்தார். மறுபடியும் தாள். "அது... பொதுவா" என்றார்.

பொதுவாக என்றால் எந்தப் பக்கம் நீட்டுவது? அதற்குள் எதிரே இருந்த நிருபர்கள் பிடித்துக்கொண்டார்கள். "ஆமா சார், யாரு?"

வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி? தவளையாவது வாயால் பிழைத்து வாயால் கெடுகிறது. நான் கையால் பிழைத்து வாயால் கெட்டேன்.

மார்ச் 21
சதுரத்தை எடுத்துவிட்டார்கள். தொழில்நுட்பக் கோளாறாம். கோளாறு நான்தான்.

மார்ச் 24
காய்கறிக்காரர் தராசை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "நீங்கதானே அந்த அம்மா? யாருன்னு அவர் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே." நாடாளுமன்றத்திலும் அதே கேள்விதானாம். பேச்சாளருக்கு உடம்பு சரியில்லை, விடுப்பு. எனக்குப் பயமாக இருக்கிறது. கொஞ்சம் பெருமையாகவும்தான்.

மார்ச் 27
நாளை மறுநாள் பையன் கிளம்ப வேண்டும். விடுப்பில் வந்தவன் மூன்று வேளையும் சாப்பிட்டுத் தூங்குகிறான். அண்ணி அவன் துணிகளை மடித்ததையே மடிக்கிறார்.

"எதுக்கு அனுப்பறாங்க?" என்று அண்ணன் கேட்டார். கோபமே இல்லை அவர் கையில். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 29
புறப்பட இருந்த படைகளை நிறுத்திவைத்துவிட்டார்கள். மறு அறிவிப்பு வரை யாரும் போக வேண்டாம். திரையில் சதுரம் இல்லாததால் அண்ணன் முன்னால் நானே நின்று காட்டினேன். ஏன் என்று அறிவிப்பில் ஒரு வார்த்தை கிடையாது.

அண்ணன் மகனின் பிடரியைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொண்டார். இதற்கு மட்டும் அவர் காரணம் கேட்கவில்லை.