இரண்டு வீட்டுப் புத்தகத்திலும் இல்லாத பெயர்

அத்தை,

புத்தகக் கட்டுகள் இன்று காலை வந்து இறங்கின. அச்சகத்து வண்டிக்காரர் கூடத்தில் அடுக்கிவிட்டுப் போனதிலிருந்து வீடெல்லாம் பசையும் மையும் கலந்த வாடை. அம்மா தும்மிக்கொண்டே இருக்கிறாள். அட்டையில் குலசாமி கோயில் கோபுரம், வண்ணப் படம். அதற்கு மேல் தங்க எழுத்தில் நம் குலக் கூட்டத்தின் பெயர். தூக்கிப் பார்த்தால் கனமாகத்தான் இருக்கிறது.

முதல் கட்டைப் பிரித்ததும் நேராக நம் வீட்டுப் பக்கத்துக்குப் போனேன். உங்கள் அப்பாவின் பெயர். அதிலிருந்து ஒரே ஒரு கோடு கீழே இறங்கி என் அப்பாவின் பெயரில் வந்து நிற்கிறது. ஒற்றைப் பிள்ளை பெற்றவர் மாதிரி இருக்கிறார் அந்த மனிதர், அந்தக் காகிதத்தில்.

இது எப்படி ஆரம்பித்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். உங்களைக் கட்டிக்கொடுத்த ஓமலூர் வீட்டாரின் கூட்டத்தார் முதலில் ஒரு வம்சாவளிப் புத்தகம் போட்டார்கள். அதைக் கல்யாண வீடுகளில் பார்த்த நம் பங்காளிகளுக்குக் கை பரபரத்தது. நம் கோயில் கும்பாபிஷேகத்துக்குள் நாமும் ஒன்று போட்டாக வேண்டும் என்று பேச்சானது. விழாக் கமிட்டித் தலைவரான பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் செய்யும் பட்டறையில் நான் ட்ராயிங் போடுகிறவன். வண்டி வரைகிறவனுக்குக் குடும்பம் வரைய வராதா என்பது அவர் கணக்கு. நானும் சரி என்றேன். ஒரு மாத வேலை என்று நினைத்தேன்.

பங்காளிகள் வீடு வீடாகப் போனேன். ஆம்பளைகளைக் கேட்டால் அவரவர் அப்பன், பாட்டன், அதோடு நின்றுபோகும். அதற்கு மேல், "அதெல்லாம் உங்கத்தையக் கேட்டாத்தான் தெரியும்" என்பார்கள். சொல்லி வைத்த மாதிரி எல்லா வீட்டிலும் அதே பதில். அப்படித்தான் உங்கள் சாளைக்கு வந்தேன். தோட்டத்து நடுவில், கொல்லிமலை மொத்தமும் தெரிகிற மாதிரி ஓடு போட்ட அந்த ஒற்றை அறை. பெரிய வீட்டில் இடம் இல்லாமல் இல்லை. நீங்கள்தான் அங்கே இருக்க மாட்டேன் என்றீர்கள்.

போனை உரல் மேல் வைத்து, "உங்க பேரைச் சொல்லுங்கத்தை, சத்தம் சரியா உழுவுதான்னு பாக்கணும்" என்றேன்.

"ஏன், எம்பேரு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுங்க. போனுக்குத் தெரியாதே."

"அதுக்குத் தெரிஞ்சு என்ன ஆவப்போவுது? இப்பப் பேரு சொல்லி என்னைய யாரு கூப்புடறா? அத்தெங்கறீங்க, அக்காங்கறீங்க. அந்தப் பக்கம் போனா, சாளைக்காரின்றாங்க."

ஆனாலும் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிட்டதும் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னீர்கள்.

அதன் பிறகு நான் கேள்வி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. யார் யாருக்குப் பிறந்தது, எந்த ஊரில் பெண் எடுத்தது, எந்தக் குழந்தை கொள்ளை நோயில் போனது, எல்லாம் உங்களிடம் வரிசையாக இருந்தது. எப்படி இவ்வளவும் தெரியும் என்று கேட்டேன். "பத்தியச் சோறு ஆக்கறதுக்கு நாந்தான போவேன்" என்றீர்கள். கல்யாணத்துக்கு உங்களை முன்னால் நிற்கவிட மாட்டார்கள். பிள்ளை இல்லாதவள், புருசன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். ஆனால் பிரசவம் ஆன வீட்டுக்கு அடுப்படி வேலைக்கு ஆள் வேண்டும், இழவு வீட்டுக்கு ஆள் வேண்டும். அப்போதெல்லாம் உங்களைத் தேடி வண்டி வரும். இந்தக் கூட்டத்தின் பிறப்பையும் சாவையும் முழுக்க நீங்கள் அடுப்படியில் இருந்தபடியே பார்த்திருக்கிறீர்கள்.

என் அப்பா கல்யாணத்தில் கூட நீங்கள் மணமேடையில் இல்லை. மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் பக்கத்தில் நின்று இணைச்சீர் செய்வதுதான் நம் வழக்கம். சொந்த அக்கா உயிரோடு இருக்கும்போது, கமிட்டிப் பெரியப்பாவின் தங்கையைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அந்தப் போட்டோவைத்தான் புத்தகத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், கலரேற்றி. "நீங்க எங்கத்தை இருந்தீங்க அப்ப?" என்று கேட்டேன். "பந்திக்கு எலை தொடச்சுக்கிட்டு இருந்தேன்" என்றீர்கள். "உங்கப்பன் ஒருதரம் திரும்பிப் பாத்தான். அப்பறம் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான்." சொல்லிவிட்டு, கோழி விரட்ட எழுந்து போய்விட்டீர்கள். பதிவில் கோழிச் சத்தம்தான் நெடுநேரம் கேட்கிறது.

முதல் வரைவை அச்சடித்துக் கொண்டுவந்து காட்டினேன். எழுத்துக்கூட்டி வாசித்தீர்கள். உங்கள் அப்பாவின் பெயருக்குக் கீழே இரண்டு கோடு. வலது பக்கம் தம்பி, இடது பக்கம் நீங்கள். மூத்தவரை முதலில்தானே போட வேண்டும், அப்படிப் போட்டிருந்தேன். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு, "இதயே அச்சுல போடுவாங்களா?" என்றீர்கள். "பின்ன?" என்றேன். "இல்ல, கேட்டேன்" என்றீர்கள். காகிதத்தை மடித்து அரிசி டப்பா மூடிக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

நீங்கள் கேட்ட விதம் சரியில்லை என்று பட்டதால், அவர்கள் புத்தகத்திலாவது நீங்கள் இருக்கிறீர்களா என்று பார்க்க நான் ஓமலூர் போனேன். இது உங்களுக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக்காரரின் இரண்டாம் தாரத்து மகன் நல்ல மாதிரித்தான். உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, அவர்கள் புத்தகத்தைத் தானே எடுத்துவந்து காட்டினார். அவர் அப்பா பெயர் இருந்தது. பக்கத்தில் மனைவி என்று அவர் அம்மா பெயர் இருந்தது. முன்னும் பின்னும் புரட்டினேன்.

"மூத்த தாரம் பேரு இல்லீங்களே?"

"அவங்கதான் உங்க ஊட்டுக்கே வந்துட்டாங்களேங்க. நீங்க போடுவீங்கன்னு நாங்க உட்டுட்டோம்" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. உண்மையாகவே அப்படி நினைத்திருக்கிறார்.

அதற்கடுத்த வாரம் கோயில் மண்டபத்தில் கமிட்டி கூடியது. வரைவைப் புரட்டிக்கொண்டே வந்த பெரியப்பா ஒரு பக்கத்தில் நின்றார்.

"ஏங்கண்ணு, பொறந்த பொம்பளப் புள்ளைகளை எதுக்கு இதுல சேத்திருக்கற?"

"பொறந்தாங்க பெரியப்பா, அதான் சேத்தேன்."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அவங்க வாக்கப்பட்டுப் போன ஊட்டுப் புஸ்தகத்துல வருவாங்க. நம்ம புஸ்தகத்துல பசங்களும், கட்டிக்கிட்டு வந்தவங்களும் இருந்தாப் போதும். அல்லாத்தையும் போட்டா புஸ்தகம் தலகாணி ஆயிரும்."

"எங்கத்தை அங்கயும் இல்லீங்க. நான் ஓமலூர் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்."

"அதுக்கு நாம என்ன பண்றது? ஒருத்தருக்குப் போட்டா அல்லாருக்கும் போடோணும்."

"போடலாங்களே. பக்கத்தை நான் பாத்துக்கறேன்."

"ரிக்குக்குப் பைப்பு மாட்டற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா மாட்டிக்கிட்டே போவயா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா அங்கேதான் இருந்தார், எனக்கு எதிர் வரிசையில். அவரையே பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'எங்கக்கா பேரு இருக்கட்டுங்க' என்றால் போதும், கூடப்பிறந்தவர் கேட்டதை அந்தச் சபையில் தட்டியிருக்க மாட்டார்கள். அவர் மண்டபத்துத் தூணில் உபயதாரர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து பார்க்கிற தூண்.

அந்தப் பெயர்களை நான் எடுக்க மாட்டேன் என்றேன். ஃபைல் ஏற்கெனவே அச்சகத்தில் இருந்தது. எடுப்பதற்கு நான் தேவைப்படவில்லை.

வண்டி ட்ராயிங்கில் ஒரு ஊசியாணி விட்டுப்போனாலும் பட்டறையில் வேலை நின்றுவிடும். ஃபோர்மேன் மேலே ஏறி வந்து கத்துவார். குடும்ப ட்ராயிங்கில் ஒரு ஆளை எடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் எழுந்து காபி குடிக்கப் போனார்கள்.

நேராக உங்களிடம் வந்து நடந்ததைச் சொன்னேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. ஓமலூர் புத்தகத்தை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருந்தது. "உங்கப்பன் இருந்தானா?" என்று மட்டும் கேட்டீர்கள். "இருந்தாருங்க." உரல் மேல் வைத்த போனை எடுத்து என் கையில் கொடுத்து, "இனிமே இதக் கொண்டாராத சாமி. வெறுங்கையோட வா, சோறு தின்னுட்டுப் போ" என்றீர்கள்.

பெரியப்பாவுக்கு இது தெரியாது. அவருடைய பெரிய பாட்டனார் எந்த ஊரில் பெண் எடுத்தார் என்பது ஒன்றுதான் பாக்கி. தலைவர் வீட்டுப் பக்கம் அரைகுறையாக இருந்தால் நன்றாக இருக்குமா? நான் கேட்க மறுத்ததும் அவரே கார் எடுத்துக்கொண்டு சாளைக்கு வந்துவிட்டார். அன்றைக்கு நான் உங்கள் வீட்டு ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்கக்கா, எங்க பெரிய பாட்டனார் பொண்ணெடுத்தது எந்த ஊருங்க? மேச்சேரிப் பக்கம்பாங்க."

நீங்கள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அந்தப் புள்ளைய அவங்க பொறந்த ஊட்டுப் புஸ்தகத்துல போட்டிருக்க மாட்டாங்களா தம்பி?"

"பொறந்த ஊட்ல எப்பிடிங்கக்கா போடுவாங்க?"

"அதான் நானும் கேக்கறேன்" என்றீர்கள்.

சிரிப்பை அடக்க முடியாமல் நான் ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டேன். அவர் வெயில் அதிகம் என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். புத்தகத்தில் அந்த இடத்தில் இன்றைக்கும் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கிறது அத்தை. பார்த்துவிட்டேன். இந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த ஒரே வரி அதுதான்.

அதன் பிறகு வந்த மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். காய்ச்சல் என்று படுத்தீர்கள், எழவில்லை.

வாசலில் உங்களைக் கிடத்தியிருந்தபோது பெரியப்பாதான் எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்தினார். சும்மா சொல்லக்கூடாது, ஓடியாடித்தான் செய்தார். குளிப்பாட்டி முடிந்ததும் குரல் கொடுத்தார். "பொறந்த ஊட்டுக் கோடி போடறவங்க முன்னால வாங்க!"

பங்காளிகள் வரிசையாக வந்து நின்றார்கள், கையில் புதுச்சேலையோடு. மண்டபத்தில் சிரித்த அதே ஆட்கள்.

"எந்த ஊட்டுக் கோடிங்க பெரியப்பா?" என்றேன்.

"என்ன கண்ணு இப்பிடிக் கேக்கற? நம்ம ஊட்ல பொறந்தவளுக்கு நாமதான போடோணும்?"

"புஸ்தகத்துல பொறக்கலீங்களே."

யாரோ என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார்கள். பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை, மேளக்காரரைப் பார்த்து நிறுத்தச் சொன்னார், பிறகு அடிக்கச் சொன்னார். மற்ற பெண்களுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வெளியூரிலிருந்து பஸ் ஏறி வரும். உங்களுக்கு எங்கள் வீட்டு பீரோவிலிருந்து, தோட்டம் தாண்டி நடந்து வந்தது. அப்பாதான் முதலில் போட்டார். மாம்பழ நிறம், சின்னக் கரை. வாயைத் திறந்து அழுதார். அழுகைக்குச் சபையில் தடை இல்லை.

இன்று சாயங்காலம் அவர் கூடத்தில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். நான் எதிரில் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா பேரு எந்தப் பக்கத்துலடா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"நீங்க கமிட்டிக் கூட்டத்துல உக்காந்துட்டு இருந்தீங்களேப்பா."

"அது செரி. செத்துப்போயிட்டா இல்ல... கடைசியில எங்கியாச்சும் சேத்திருப்பாங்கன்னு நெனச்சேன்."

"யாருங்க சேத்துவா?"

மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனார். நான் இதை எழுதும்போதும் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறார். போய் நிறுத்தலாம். நிறுத்தப் போவதில்லை. தேடட்டும்.

கும்பாபிஷேகத்தன்று மேடையில் எனக்குச் சால்வை போடுகிறார்களாம். நான் போகப் போவதில்லை. பட்டறையில் ஒரு வண்டி டெலிவரி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்தப் புத்தகத்தில் நானும் ஒரு பக்கத்தில் இருக்கிறேன், உங்கள் தம்பிக்குக் கீழே, படிப்புப் பட்டத்தோடு. என்னை எடுக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள்.

உங்கள் அரிசி டப்பாவை அம்மா கழுவிக் கவிழ்த்துவிட்டாள். மூடிக்குள் இருந்த காகிதத்தில் எறும்பு ஏறியிருந்தது என்று தூக்கிப் போட்டுவிட்டாள். அவளுக்குத் தெரியாது. ஆக, என்னிடம் மிச்சம் இருப்பது போனில் இருக்கிற உங்கள் குரல்தான். மற்ற பெண்களின் பெயர் போக, நீங்கள் சொன்னது எல்லாமே புத்தகத்தில் ஏறிவிட்டது, வரிக்கு வரி. முதல் வரி ஒன்றைத் தவிர. தினமும் ரிக் பட்டறைக்கு பஸ்ஸில் போகும்போது அதை மட்டும் போட்டுக் கேட்கிறேன். உரல் மேல் போன் வைக்கிற சத்தம், தொண்டையைச் சரிசெய்கிற சத்தம், அப்புறம் நீங்கள்.

"பாவாயி. உழுந்துதா சாமி?"

"உழுந்துருச்சுங்கத்தை" என்கிறேன் நான் அதில், சிரித்துக்கொண்டே.