பஞ்சு ஒட்டாத சட்டை

ஆவணி 12, வியாழன்.

பேத்தி சுகந்தி நடிகர்களுக்கு உடை தயார் செய்யும் டி.வி. கொலைத் தொடரின் முதல் காட்சி எடுபடவில்லையாம். பழியை இவள்மேல் போட்டு வேலையை விட்டு நிறுத்திவிட்டான் டைரக்டர். சாயங்காலம், இவளிடம் இருந்த நடிகர்களின் துணி மூட்டையை வாங்க அவனே வந்தான்.

அவன் போனில் அந்தக் காட்சியைப் போடச் சொல்லிப் பார்த்தேன். கொலை செய்தவன் பனியன் கம்பெனியில் டெய்லர்களோடு ஒளிந்து உட்கார்ந்திருக்கிறான். கேமரா வரிசையாக முதுகுகளைக் காட்டுகிறது. எல்லாச் சட்டையும் பளிச்சென்று இருந்தது.

"ஏனுங்க தம்பி, துணி ஓரத்தை வெட்டித் தைக்கற ஓவர்லாக் மிஷின் ஓட்டறவன் தோள்ல பஞ்சு எங்கீங்க?"

"அதெல்லாம் யாரு பாட்டி பாக்கப் போறாங்க?" என்று சிரித்தான். பதினெட்டு வருஷம் அந்த மிஷினில் உட்கார்ந்தவளிடம்!

"எல்லாத்து மேலயும் பஞ்சு போடுங்க, கொலைகாரனைத் தவிர. மத்த மிஷினெல்லாம் விட்டுவிட்டுக் கத்தோணும். அவனுது மட்டும் நிக்காம ஓடோணும். தைக்கத் தெரியாதவன் மிதிச்ச காலை எடுக்கமாட்டான்."

சிரிப்பு நின்றது. மூட்டையை எடுக்கவில்லை. "சுகந்தி, காலைல பஞ்சோட வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பக்கத்துக் கம்பெனியில் ஒரு பை நிறைய வாங்கி வைத்துவிட்டேன். நாளைக்கு நானும் போகிறேன். முதல் பிடி பஞ்சு, சிரித்தானே, அவனுடைய கறுப்புச் சட்டைக்குத்தான்.