அந்த ஒரு சொட்டு

ஏங்க,

மயக்கம் தெளிஞ்சதும் படிங்க. பேசினா உங்க காதுல விழும்னு நர்ஸம்மா சொல்றாங்க. ஆனா என்னை உள்ளே அஞ்சு நிமிஷத்துக்கு மேல விட மாட்டேங்கிறாங்க. அதான் எழுதுறேன்.

மாரடைப்புக்குக் காரணமான அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வெச்சாச்சு. "அப்புறம் என்ன டாக்டர்?"னு கேட்டேன். "ரத்தக்குழாய் சரியாயிடுச்சும்மா, இதயத்துக்குத்தான் ரத்தத்தைத் தள்ளத் தெம்பில்லை"ன்னார். உங்க பாஷையில சொன்னா, பைப்புல அடைப்பு போயிடுச்சு, மோட்டார்தான் ஏத்த மாட்டேங்குது. பிரஷரை மருந்துதான் தாங்கிப் பிடிச்சிருக்கு. கையைத் தொட்டேன், ஜில்லுனு இருந்தது.

எல்லாரும் கட்டிலுக்குக் கீழே தொங்குற மூத்திரப் பையையே பார்க்கிறாங்க. கிட்னிக்கு ரத்தம் போய்ச் சேர்ந்தா அதுல இறங்குமாம். நேத்திலிருந்து காலியாவே இருக்கு. பிளம்பர் பொண்டாட்டிக்கு இது புரியாதா? மேல்மாடிக் குழாயில தண்ணி வர்றதைக் கண்ணால பார்க்காம நீங்க எந்த வீட்டை விட்டும் கிளம்பினதில்லையே. நானும் கிளம்ப மாட்டேன்.

மகளை உடனே வரச் சொல்லுங்கன்னார் டாக்டர். "எதுக்கு, கைக்குழந்தைக்காரி, ஞாயித்துக்கிழமை வரட்டுமே"ன்னேன். "இன்னிக்கே வரச் சொல்லுங்கம்மா"ன்னு மறுபடியும் சொன்னார். எனக்குக் கோபம் கோபமா வந்தது.

ஊர்க் குழாயெல்லாம் சரி பண்ணிட்டு நம்ம சமையலறைக் குழாயை மட்டும் ஒழுக விட்டீங்க. எத்தனை தடவை கத்தியிருப்பேன்! "வீட்டுக்குத்தான் போறேன், அதுக்கு ஒரு வாஷர் போட்டுடவா அண்ணி?"ன்னார் உங்க தம்பி. தொடக் கூடாதுன்னுட்டேன். அது சொட்டட்டும். நீங்க வந்துதான் மாத்தணும்.

இங்கேயும் ஒரு சொட்டு விடுங்களேன். ஒரே ஒரு சொட்டு.

இப்படிக்கு,
நீங்க 'நச்சரிப்பு'ன்னு கூப்பிடுறவ