சேலத்தில் செய்த கடல்

அன்புள்ள டீச்சர்,

போன வாரம் ஆத்தூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைப் பக்கமிருந்து அந்தப் புளித்த வாடை உள்ளே வந்தது. குச்சிக்கிழங்கு அரைத்த பால் தொட்டியில் தெளிந்தபின் மிச்சத் தண்ணீர் ஓடையில் போகிற வாடை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் துண்டையும் முந்தானையையும் மூக்குக்குக் கொண்டுபோனார்கள். நான் ஒருத்தன்தான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மல்லிகைத் தோட்டத்தில் நிற்பவன் மாதிரி ஆழமாக இழுத்து மூச்சுவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு பின் சீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு இது கடல் வாசனை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் கண்டக்டர் அங்கேயே இறக்கிவிட்டிருப்பார்.

நீங்கள் போய்விட்டீர்கள் என்ற சேதி வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். ஒரு வரிகூட வரவில்லை. சோகமாக எழுத எனக்குக் கை வராது என்பது உங்களுக்குத் தெரியும். துக்க வீட்டுக்குப் போனாலே என் மூஞ்சியைப் பார்த்து நாலு பேர் சிரித்துவிடுகிறார்கள். அதனால் நான் வாசலோடு திரும்பிவிடுவது வழக்கம். இப்போது அந்தப் புளிப்பு வந்து எழுப்பிவிட்டது. எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள்.

உங்களை முதலில் பார்த்த காலத்தில் நான் சேலத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா. பகலில் சரக்கு ரசீது, சாயங்காலம் நாடகக் கோமாளி. அஸ்தம்பட்டிப் பக்கம் இருந்த உங்கள் பங்குச் சாமியார் என்னைத் தேடி ஆபீசுக்கே வந்துவிட்டார். பங்குத் திருவிழாவுக்கு, சேசுநாதர் கடலில் புயலை அடக்கிய கதையை நாடகமாகப் போடுகிறார்களாம்.

"நம்ம ஆளுங்க சேசு சிலுவையில பட்ட பாடுகளை நாடகமாப் போட்டுப் போட்டு அழ வைக்கறதுல தேர்ந்துட்டாங்க. சிரிக்க வைக்கத்தான் ஆள் இல்லை. நீங்க இந்து, பரவாயில்லை, சிரிப்புக்கு ஞானஸ்நானம் வேண்டாம்" என்றார்.

சுவிசேஷத்திலேயே இல்லாத ஒரு வேஷத்தை எனக்காக உண்டாக்கினார்கள்: படகில் கால் வைத்ததுமே வாந்தி எடுக்கிற செம்படவன். நானோ மல்லசமுத்திரத்து மானாவாரிக் காட்டுக்காரன் மகன். ஊர்ப்பெயரில் சமுத்திரம் இருக்கிறதே தவிர, எங்கள் கிணற்றில் வாளி மூழ்கினாலே அந்த வருஷம் நல்ல வருஷம்.

முதல் நாள் ஒத்திகைக்கு நான் வந்தபோது, மேடைக்குப் பின்னால் பெரிய தகரத் தகடு ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, நீங்கள் அதை முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தீர்கள். பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சர், பௌதிகத்தில் பெரிய பட்டம் வாங்கியவர் என்று சொல்லியிருந்தார்கள். தகரத்தோடு சண்டை போடுவார் என்று சொல்லவில்லை.

"டீச்சர், அது என்ன தப்புங்க பண்ணுச்சு?"

"இது இடி, அண்ணா. பித்தளைத் தட்டைத் தட்டினா பாடுது. தகரத்தை ஆட்டினா இடிக்குது. ரெண்டும் உலோகந்தானே, ஏன்?"

"பித்தளை பணக்காரரு ஊட்டுதுங்க. தகரம் நம்மாட்ட ஏழை ஊட்டுக் கூரை. வயித்தெரிச்சல்ல கத்துது."

நீங்கள் சிரித்தீர்கள். பிறகு தகட்டின் கனம், விறைப்பு, அதிர்வு என்று ஒரு பாடமே எடுத்தீர்கள். எனக்கு விளங்கியது ஒன்றுதான்: இந்த அம்மாளுக்கு ஒரு சத்தம் கேட்டால், அது எந்தப் பொருளிலிருந்து எதற்காகப் புறப்பட்டது என்று தெரிகிற வரைக்கும் சோறு இறங்காது.

உங்களுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. மேடையில் தானியத்தை உருட்டிக் கடல் சத்தம் உண்டாக்குகிறார்களே, நிஜக் கடலும் அப்படித்தான் மணலை உருட்டிச் சத்தம் போடுகிறதா, மணலின் பருமன் மாறினால் கடலின் குரல் மாறுமா என்று ஆராய்ச்சி செய்ய வேண்டும். அதற்கு ஒரு பேராசிரியர் உங்களை மாணவியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எழுதிப் போட்டீர்கள். ஒருவர், இது நாடகம், தமிழ்த் துறையைக் கேளுங்கள் என்றார். இன்னொருவர், இது கடல், மீன்வளக்காரர்களைக் கேளுங்கள் என்றார். மற்றொருவர், அம்மா, கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்றே எழுதிவிட்டார்; அதற்கு எந்தத் துறை என்று குறிப்பிடவில்லை. கடைசியாக மிச்சம் இருந்தவர் சென்னையில் ஒரு பௌதிகப் பேராசிரியர். பரீட்சை நடத்த சேலத்துக் கல்லூரிக்கு வருவதாகவும், அப்போது உங்கள் கடலைக் காட்டினால் முடிவு சொல்வதாகவும் எழுதினார். அவர் வருகிற நாளும் நாடக நாளும் ஒன்றாக அமைந்தன. அவரும் கைவிட்டால் வேறு ஆள் இல்லை. ஒத்திகையில் நாங்கள் எல்லோரும் வசனத்துக்காகப் பயந்தோம். நீங்கள் ஒருத்தர்தான் வாழ்க்கைக்காகப் பயந்தீர்கள்.

கடல் செய்ய முனைந்தீர்கள். கொள்ளுப் பயறை உருட்டினால் மழைச் சத்தம். ஆமணக்கு விதை கல்லுடைக்கிற இடம். நிலக்கடலை, சந்தையில் சண்டை. எங்கள் லாரியில் ஏற்ற வந்த ஜவ்வரிசியில் ஒரு மூட்டையை ஆலைக்காரரிடம் கேட்டு வாங்கி நான் கொண்டுவந்தேன். பழைய டீசல் பீப்பாய்க்குள் அதைப் போட்டு, கைப்பிடி வைத்துச் சுற்றியதும் பாருங்கள், உஸ்ஸென்று ஒரு பேரிரைச்சல். மணியடிக்கிற கோயில்பிள்ளை பயந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

"இதாங்க கடலு!" என்றேன்.

"கடலைப் பார்த்திருக்கீங்களா?" என்றீர்கள்.

நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்ததில்லை, படித்தது திருச்சியில், அங்கே காவிரிதான். பங்குச் சாமியார் தருமபுரிப் பக்கம். சேசுநாதராக நடித்த தையற்கடைக்காரர் ஈரோட்டைத் தாண்டியதில்லை. கடல் நாடகம் போடுகிற அத்தனை பேரில் ஒருத்தர் கண்ணிலும் உப்புத் தண்ணீர் பட்டதில்லை. கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: நமக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் மேட்டூர். மதகு திறந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் எப்படிச் சத்தம் போடும் என்று கேட்டு வர, கட்டுச்சோறோடு மேட்டூர் அணைக்குப் புறப்பட்ட ஆராய்ச்சிக் குழு உலகத்திலேயே நாம்தான். நீங்கள் கண்ணை மூடிக் கேட்டீர்கள். திரும்பி வந்து, பீப்பாயை அச்சு அசல் மேட்டூராகவே ஆக்கிவிட்டீர்கள்.

நாடகத்தன்று மாலை முன்வரிசையில் பேராசிரியர். மடிப்புக் கலையாத கோட்டு, சிரிப்பைப் பெட்டியில் பூட்டிவைத்த முகம். தகரம் இடித்தது. பீப்பாய் இரைந்தது. படகு ஆடியது. நான் எனக்குத் தெரிந்த வகையிலெல்லாம் வாந்தி எடுத்தேன். தெய்வத் திருச்சபையே விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் தையற்கடைக்காரர் எழுந்தார், கையை நீட்டினார்.

"கடலே, அமைதியாய் இரு!"

கடல் இருக்கவில்லை. நீங்கள் கைப்பிடியை விட்டுவிட்டீர்கள். ஆனால் சுற்றிய வேகத்தில் பீப்பாயின் மூடி கழன்று, மூட்டை ஜவ்வரிசியும் மேடைக்குள் உருண்டு வந்தது. வந்தது என்றால், சலசலவென்று, வெள்ளை வெள்ளையாய், படகுக்கு அடியில், சீடர் இராயப்பராக நடித்தவர் காலுக்கு அடியில். சேசுநாதர் ஒரு காலை எடுத்துவைத்தார். அந்தக் கால் அவரைக் கேட்காமல் தனியாகப் போனது. ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து நிறுத்தினேன். ஏதாவது சொல்ல வேண்டுமே!

"கோவிச்சுக்காதீங்க சாமி, இது சேலத்துக் கடலுங்க. ரெண்டு தடவை சொன்னாத்தான் கேக்கும்!"

சிரிப்பில் கூரையே பறந்துபோய்விட்டது, டீச்சர். பங்குச் சாமியாரே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தையற்கடைக்காரர் நல்ல மனுஷர், சிரிப்பு அடங்கியதும் இன்னொரு தடவை கையை நீட்டி "அமைதியாய் இரு" என்றார். அதற்குள் ஜவ்வரிசி எல்லாம் நின்றிருந்தது. அவ்வளவு பக்தியான கைதட்டலை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

சிரிக்காதவர்கள் இரண்டே பேர். நீங்கள், பேராசிரியர்.

அவர் மேடைக்குப் பின்னால் வந்தார். நீங்கள் காலிப் பீப்பாய் பக்கத்தில் நின்றீர்கள். முந்தானையில் ஒட்டியிருந்த ஜவ்வரிசியைத் தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை உங்களுக்கு.

"அம்மா, மூடி கழன்றது கிடக்கட்டும்" என்றார். "உங்க கடல் வருது. வந்துக்கிட்டே இருக்கு. திரும்பிப் போகவே மாட்டேங்குதே? நான் தூத்துக்குடிக்காரன். இப்படி ஒரு கடலை நான் பார்த்ததில்லை. நீங்க எங்கே பார்த்தீங்க?"

நீங்கள் பொய் சொல்லவில்லை. "மேட்டூர்ல, சார்."

அவர் முகத்தில் பூட்டிவைத்த பெட்டி திறந்தது. மேடைப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அதிலேயே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஒரு பெண்ணின் கடைசி வாசல் இப்படிச் சிரித்துக்கொண்டே சாத்தப்படுகிறதே என்று நினைத்தேன். நீங்கள் தலையைக் குனியவில்லை. அவர் சிரித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்து கேட்டீர்கள்:

"திரும்பிப் போகும்போது எப்படிச் சத்தம் போடும், சார்?"

சிரிப்பு நின்றது. "சொல்லலாம். சொன்னா அது என் ஆராய்ச்சி. போய்க் கேட்டுட்டு நீங்க எனக்கு எழுதுங்க. பள்ளிக்கூட லீவு முடியறதுக்குள்ள. அதைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். துணைக்கு யார் என்ற பஞ்சாயத்தில் உங்கள் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவரா? தாராளமா வரட்டும். இவரு கூடப் போனா ஊரு பேசாது, சிரிக்கும்" என்றார்கள். என் நடத்தைக்கு யாரும் கொடுத்த ஒரே சான்றிதழ் அதுதான். ஆனாலும் கையில் ஜெபமாலையோடு நமக்கு நடுவில் அவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். சேலத்தில் ஏறியதிலிருந்து சென்னை வரைக்கும் ஜெபமாலையும் முடியவில்லை, அவர்கள் கட்டிவந்த முறுக்கும் முடியவில்லை.

கடற்கரையில் முதல் அலையைக் கண்டதும் நான் திரும்பி ஓடினேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அத்தனை பெரிய ஒன்று நம்மை நோக்கி வந்தால் காட்டுக்காரன் ஓடத்தான் செய்வான். அடுத்த அலை என் துண்டை வாங்கிக்கொண்டு போனது. உங்கள் அம்மா கணுக்கால் வரை நின்று, "இவ்வளவு தண்ணி, ஒரு வயலுக்கு ஆகலியே" என்று வருத்தப்பட்டார்கள். நீங்களோ ஈர மணலில் குப்புறப் படுத்து, காதை மண்ணில் வைத்துவிட்டீர்கள். சுண்டல் விற்கிறவர் ஓடிவந்தார்.

"இன்னாபா, அம்மாவுக்கு மயக்கமா?"

"இல்லீங்க, ஆராய்ச்சி."

அவர் ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். "பாவம், இதக் குடு. சரியாப் பூடும்."

நீங்கள் எழுந்தபோது ஒரு பக்கக் கன்னம் முழுக்க மணல். முகம் திருவிழாவாக இருந்தது. "அண்ணா, படுங்க, கேளுங்க" என்றீர்கள். படுத்தேன். கேட்டேன். "வரும்போது எல்லாத் தண்ணியும் ஒரே மாதிரிதான் கத்தும். மேட்டூரும் கத்தும், இதுவும் கத்தும். திரும்பிப் போறப்பதான் கீழே என்ன மண்ணு கிடக்குன்னு சொல்லுது. கேக்குதா? சர்ர்ருன்னு, பொடியா, இழுத்துக்கிட்டு."

கேட்டது, டீச்சர். அந்த மெல்லிய சத்தம் எனக்கும் கேட்டது.

ஊருக்கு வந்ததும் பீப்பாயைத் தூர எறிந்தீர்கள். நீளமான தகரத் தட்டை நடுவில் தாங்கி, ஏற்றமும் இறக்கமுமாகச் சாய்த்துச் சாய்த்து, பெரிய ஜவ்வரிசி, பொடி ஜவ்வரிசி, ஆற்று மணல், அம்மாவின் சீலையில் கட்டிக்கொண்டு வந்த கடல் மணல் என்று ஒவ்வொன்றும் திரும்பி உருளும்போது என்ன சொல்கிறது என்று கேட்டு எழுதினீர்கள். லீவு முடிகிற வாரம் பேராசிரியர் பதில் போட்டார். பிரிக்கத் தைரியம் இல்லாமல் நீங்கள் அதை என் ஆபீசுக்கே கொண்டுவந்தீர்கள். லாரிக்காரர்கள் சூழ நான்தான் சத்தமாகப் படித்தேன். "வாருங்கள். மேட்டூரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்." அவ்வளவுதான். விஷயம் என்னவென்றே தெரியாமல் ஒரு டிரைவர் ஹாரன் அடித்துக் கொண்டாடினார்.

அதற்குப் பிறகு நீங்கள் ஊர் ஊராகக் கரையோரம் போனதும், கடலாராய்ச்சிக்காரர்கள் உங்களிடம் வந்து கேட்டுப் போனதும் எனக்குக் கேள்விதான். உங்கள் படிப்பு நாடகமா, பௌதிகமா, கடலா என்று ஒரு தடவை கேட்டதற்கு நீங்கள் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது: "மூணும் ஒண்ணுதான், அண்ணா. ஏதோ ஒண்ணு உருளுது. யாரோ ஒருத்தர் உக்காந்து கேக்கறாங்க."

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொன்று. படிக்கச் சென்னைக்குப் புறப்படும் முன் என் நாடகம் ஒன்றைப் பார்க்க வந்தீர்களே! அன்று நான் நகைச்சுவையில் ஊரையே கவிழ்த்துவிட்ட மிதப்பில் கீழே இறங்கி வந்தேன். நீங்கள் சொன்னீர்கள்: "அண்ணா, நீங்களும் மேட்டூருதான். ஜனங்க சிரிக்கறாங்க, அது முடியறதுக்குள்ள அடுத்ததைக் கொட்டறீங்க. கொஞ்சம் நில்லுங்களேன். அவங்க சிரிப்பு திரும்பிப் போகட்டும்." எனக்குச் சுருக்கென்றது. இந்த அம்மாள் ஜவ்வரிசியைக் கொட்டிவிட்டு நமக்குப் புத்தி சொல்கிறதே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் ரயிலடியில் "போயிட்டு வாரேன், அண்ணா" என்றீர்கள். உங்கள் அம்மா அழுதார்கள், நீங்கள் சிரித்தீர்கள், நான் வழக்கம்போல் இரண்டுக்கும் நடுவில் நின்றேன்.

அன்றிலிருந்து நிற்கிறேன். ஒரு சிரிப்பை எழுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று கோமாளிகளுக்குத்தான் தெரியும். ஆனால் நீங்கள் சொன்னது சரி. வரும்போது எல்லா ஊர்ச் சிரிப்பும் ஒன்றுதான். போகும்போதுதான் ஊர் தெரிகிறது. எங்கள் மல்லசமுத்திரத்துச் சிரிப்பு இருமிக்கொண்டு போகும். அஸ்தம்பட்டிச் சிரிப்பு, பக்கத்தில் யாராவது பார்த்துவிட்டார்களா என்று நாற்காலியைச் சரிசெய்துகொண்டு போகும். சில சிரிப்பு போகிற போக்கில் ஒரு பெருமூச்சையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த வீட்டில் என்ன கிடக்கிறதோ என்று நினைத்துக்கொள்வேன்.

நேற்று நாமக்கல்லில் நாடகம். இரண்டாம் காட்சியில் ஒரு வசனம் சொன்னேன், சபை அதிர்ந்தது. நின்றேன். அடங்க அடங்கக் கேட்டுக்கொண்டே நின்றேன். வரியை மறந்துவிட்டேன் என்று பயந்து, திரையோரம் இருந்தவர் அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் கொடுத்தார். பொறு என்று அவருக்குக் கையைக் காட்டினேன். கடைசி வரிசையில் யாரோ ஒருத்தர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை, டீச்சர்.