லூர்து அண்ணன் பாத்தி

எண்ணூர்,
வெள்ளிக்கிழமை.

ஆஃபியாவின் அத்தாவுக்கு அஜீசுன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளையும் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? போன தடவை புழல் ஜெயிலுக்கு மனு போட்டு உங்களைப் பார்க்க வந்தபோது, சுற்றிலும் எல்லோரும் கத்தியதில் நீங்கள் பேசியது பாதி கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. நீங்கள் போட்ட வெண்டை காய்த்துவிட்டது. குவார்ட்டர்ஸ் பின்னாடி வீட்டுக்கு ஒரு துண்டு என்று சங்கத்தில் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது, அனல்மின் நிலையத்துச் சாம்பல் விழுகிற மண்ணில் இன்னா விளையும் என்று சிரித்தவர்கள் இப்போது நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். காலையில் பிஞ்சு வெண்டையை ஒடிக்கும்போது வருகிற சத்தத்தில் எனக்குக் கொஞ்ச நேரம் எல்லாம் மறந்துபோகிறது. முள்ளங்கியை ஆஃபியாதான் பிடுங்கினாள். மண்ணோடு கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஜில்லுன்னு கீதும்மா" என்றாள். உடனே, அத்தா எப்போ வருவார் என்று கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

பக்கத்துப் பாத்தி லூர்து அண்ணனுக்குத் தலையில் ஆபரேஷன் ஆகிவிட்டது. ஆனால் நேற்று வரைக்கும் கண் திறக்கவில்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இது கொலைக் கேஸ் என்று வக்கீல் சொல்லிவிட்டார். போன் அடித்தால் பிஸ்மில்லா சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறேன்.

ரோசி அக்கா புருஷன் கூடவே ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்ததால் அவர்கள் பாத்தி காய ஆரம்பித்தது. பூ விட்ட கத்தரிச் செடியெல்லாம் துவண்டு தொங்கியது. நம் செடிக்கு ஊற்றிவிட்டு அதைப் பார்க்காத மாதிரி வர என்னால் முடியவில்லை. எந்தக் குழாய்க்காக அன்றைக்கு நீங்களும் அண்ணனும் சண்டை போட்டீர்களோ, அதே குழாயில் பிடித்து அங்கேயும் ஊற்றினேன். அவர்கள் மண்ணில் கால் வைக்காதே, கேஸுக்கு ஆகாது என்று வக்கீல் திட்டினார். நான் கேட்கவில்லை.

நேற்று ரோசி அக்கா மாற்றுத்துணி எடுக்க வந்தவர், நேராகப் பாத்திக்கு வந்துவிட்டார். நான் குடத்தோடு நிற்கிறேன். அவர் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். யார் சொல்லி ஊற்றுகிறாய் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன்.

"அவரு கால் வழுக்கி வுழுந்துட்டாருன்னு உன் வூட்டுக்காரரு ரஷீது பாய் சொல்லிகினு கீறாராமே. நீ அங்கதான நின்ன? இன்னா நடந்துச்சு, நீ சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன். அண்ணன் நம் ரப்பர் டியூபைப் பிடுங்கி எறிந்ததை. நீங்கள் மண்வெட்டிக் காம்பால் அடித்ததை. அப்புறம் நீங்களே அவரை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஆட்டோ என்று கத்தியதையும். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அக்கா அழவில்லை. என் கையிலிருந்து குடத்தை வாங்கி மீதிச் செடிகளுக்கு அவரே ஊற்றினார். காலிக் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இன்று ஜும்ஆ தொழுகை முடிகிற நேரம் அவரிடமிருந்து போன் வந்தது. "கண்ணு தொறந்துட்டாரு." அவ்வளவுதான், வைத்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ். இன்னும் பேச்சு வரவில்லையாம். வந்ததும் போலீஸ் போய் வாக்குமூலம் எழுதி வாங்குமாம்.

இந்தக் கடிதத்தை அங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். லூர்து அண்ணன் வாய் திறப்பதற்கு முன்னால் நீங்கள் வாய் திறந்து நடந்ததைச் சொல்லிவிடுங்கள். வக்கீல் வேண்டாம் என்றுதான் சொல்வார். எவ்வளவு நாள் உள்ளே வைத்தாலும் உங்களைத் தேடி வருகிறவள் நான்தான். ஆனால் கோர்ட்டில் கூப்பிட்டுக் கேட்டால், ரோசி அக்காவிடம் சொன்னதைத்தான் சொல்வேன். என்னை உங்களுக்கு எதிராக நிற்க வைத்துவிடாதீர்கள்.

அல்லாஹ் உங்களுக்கு அந்தத் தைரியத்தைத் தரட்டும். ஒவ்வொரு தொழுகையிலும் அதைத்தான் கேட்கிறேன்.

உங்கள்
அஜீசுன்னிசா