சித்தப்பா பளபளப்பாக்கச் சொன்ன கத்தி

ஷெஃபீல்டு
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி குறைந்ததா? ஓர்க்னித் தீவில் காற்று அடங்கியதா? நான் நலம்.

நீங்கள் அனுப்பிய அப்பாவின் சவரக்கத்தி வந்தது. மேக்னஸ் சித்தப்பா நான் வேலை செய்யும் கத்திப் பட்டறைக்கே போன் செய்து, "நல்லா தேய்ச்சு கண்ணாடி மாதிரி ஆக்கிடு இங்கா, செலவு என்னோடது" என்றார். பக்கத்து மேசை ஹில்டா சிரித்தாள்.

"கருமின்னு சொல்லுவியே, அந்தச் சித்தப்பாவா? அப்போ ஏதோ இருக்குடி கண்ணு. சாணைச் சக்கரத்துல வைக்காத."

எனக்கும் அப்படியே பட்டது. எண்ணெய் தொட்டுத் துருவை மட்டும் மெதுவாகத் துடைத்தேன். கத்தியின் முதுகில் 'ஞாயிறு' என்று பொறித்திருக்கிறது. கிழமைக்கு ஒன்றாக ஏழு கத்திகளைப் பெட்டியில் வைத்து விற்பது இந்த ஊர் வழக்கம். தேய்த்தால் முதலில் அழிவது அந்த எழுத்துதான்.

அப்பா இறந்தது ஞாயிற்றுக்கிழமை. அதனால் இது மட்டும் முகம் கழுவும் இடத்தில் கிடந்திருக்கிறது. அவர் உங்களையும் தொடவிடாத மரப்பெட்டியை, "உள்ள ஒண்ணுமில்ல அண்ணி" என்று சித்தப்பா தூக்கிக்கொண்டு போனாரே! மற்ற ஆறும் அதில்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே பளபளப்பாக்கவில்லை. துரு பரவாமல் எண்ணெய் பூசி அப்படியே வைத்துவிட்டேன். கூர் தீட்டாததால் இனி இதில் யாரும் சவரம் செய்ய முடியாது. பரவாயில்லை.

பார்லி ரொட்டி கொஞ்சம் அனுப்புங்கள். முகவரியை நீங்களே எழுதுங்கள், தபால்காரரிடம் கொடுத்து எழுதச் சொல்ல வேண்டாம்; அவர் கையெழுத்து புரிவதில்லை.

திங்கட்கிழமை காலை ஏதாவது சாக்கில் சித்தப்பா வீட்டுக்குப் போய், அவர் சவரம் செய்கிற கத்தியின் முதுகைப் பாருங்கள். தபால் வண்டி வந்துவிட்டது.

இங்கா