கதவை ஒட்டிப் படுப்பவர்

தம்பிக்கு,

கடந்த 14.10.2025, செவ்வாய்க்கிழமை, காலை 10.20 மணிக்குப் போலீஸார் தட்டாமலேயே நம் தொழிலாளர் கேம்ப் அறைக் கதவை உடைத்து நுழைந்தனர். நாங்கள் சாராயம் விற்பதாகப் புகாராம். அகப்பட்டவை என் இருமல் மருந்துப் புட்டிகள் இரண்டு.

அதிகாரி காட்டிய புகாரில் எந்தக் கட்டில் யாருடையது என்பதுவரை எழுதியிருந்தது. உன் கையெழுத்தை நான் அறியேனா? நமக்கு விசா தந்த அரபு முதலாளி, அந்தக் கஃபீல், உனக்குத் தனி அறை தந்தது மறுநாள், 15.10.2025.

இரவு டியூட்டி முடித்த பாலகுரு கதவை ஒட்டித் தரையில் உறங்குவார் என்பதை மட்டும் நீ எழுதவில்லை. அவர் பாயைச் சுருட்டட்டும் என்று ஒன்பது ஆண்டுகள் தட்டிவிட்டுக் காத்திருந்தவன் நீ.

உடைந்த கதவு மேலே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவர், கண் திறக்காமலே முனகினார்: "ஏன்டா தம்பி, தட்டிட்டு வரக் கூடாதா?"

நீதான் வந்தாய் என்று நினைத்துவிட்டார். நானும் மறுக்கவில்லை.

இப்படிக்கு,
உன் பழைய கீழ்க்கட்டில்காரன்